மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஷோரூமில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. இன்னொன்று அதே முகஜாடையில் ஐந்து பேருக்கான சின்ன எஸ்யூவி. அண்ணனும் தம்பியும் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன. நானும் என் வீட்டுக்காரரும் மூன்றாவது முறையாக வந்து அவற்றைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வீட்டில் நாங்கள் அவற்றைப் பெரிசு, சிறிசு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

"குடும்பம் எத்தனை பேர் மேடம்?" என்று விற்பனைக்காரர் அன்றும் கேட்டார். முதல் இரண்டு தடவையும் நான் ஆறு என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் அளவு டேப்பை இழுத்துக்கொண்டு பெரிசின் பின்பக்கம் போய்விட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சமையலறை அலமாரி செய்கிறவர். இடுப்பில் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் அது சட்டைப்பையில் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஓர் அலமாரி செய்வதற்கு முன்னால், வாங்குகிறவர் வீட்டுத் தரையில் முழு அளவில் சாக்பீஸ் கோடு போடுவார். அந்த வீட்டம்மாவைக் கோட்டுக்கு முன்னால் நிற்கவைத்து, இல்லாத கதவைத் திறக்கச் சொல்லி, இல்லாத டப்பாவை எடுக்கச் சொல்லுவார். கோட்டில் இடித்தால் மரத்திலும் இடிக்கும் என்பார். இருபது வருடத்தில் அவர் செய்த ஒன்றுகூட இடம் போதாமல் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது. உடம்பில் பாதிக்கு மேல் கால்தான் என்பதால் அவன் ஒட்டகம். இளையவளுக்கு ஏழு, அவள் வாலு. போன வருடக் கடைசியில் என் அக்கா இறந்துபோனாள். அவள் புருஷன் அதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களிடம் வந்தார்கள். பெண்ணுக்குப் பதினோரு வயது. வீட்டில் யார் என்ன பேசினாலும் திருத்துவாள், அதனால் டீச்சர். பையனுக்கு ஐந்து வயது. உருண்டையாக இருப்பான், பட்டாணி. டீச்சர் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டையும் பிரிச்சிடாதடி" என்றாள். வேறெதையும் அவள் கேட்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? யாரு பிரிக்கப் போறா?" என்று அதட்டினேன்.

பிரிக்க ஆள் இருந்தது. பிள்ளைகளின் பெரியப்பா, அவர்கள் அப்பாவுடன் பிறந்த அண்ணன். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். வருவார், சோபாவின் நுனியில் உட்காருவார், தண்ணீர் மட்டும் குடிப்பார். "ஆளுக்கு ஒண்ணா பார்த்துக்கலாமேம்மா. பொண்ணு எங்ககூட வரட்டும், பையன் உங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்கும் பாரம் குறையுமில்ல?" என்பார். அவர் வீட்டுக்கு ஆறு மணி நேரப் பயணம். பட்டாணி கையை நீட்டினால் எட்டுகிற தூரமா அது?

எங்கள் பழைய கார் தாழ்வான சின்ன வண்டி. காலையில் ஆறு பேரும் அதில்தான் போயாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறை பைக்கிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்தவர். இனி இரண்டு சக்கரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறைப் பக்கம் பத்து மணிக்கு முன்னால் பஸ் கிடையாது. பள்ளிக்கூடமும் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையும் அதே வழிதான். ஒருநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களை ஓரம்கட்டி, விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். டீச்சர் மடியிலிருந்து பட்டாணி, "என்னைச் சேர்க்காதீங்க அங்கிள், நான் மடியிலதானே இருக்கேன்" என்றான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எழுதினார். "இன்னொரு தடவை பார்த்தா லைசென்ஸ் போயிடும்" என்றார். அடுத்த வாரமே அந்தக் காரின் இன்ஜினும் உயிரை விட்டது.

இதை வாலு போனில் பெரியப்பாவிடம் உளறிவைத்தாள். அவர் உடனே என்னைக் கூப்பிட்டார். "பார்த்தியாம்மா, வண்டியிலேயே இடம் இல்ல. வீட்டுல எப்படி வச்சுப்பீங்க? முதல்ல எல்லாரும் உட்கார்ற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க. அப்புறம் பேசலாம்."

நான் போனை வைத்துவிட்டுக் கொதித்தேன். என் வீட்டுக்காரர் நிதானமாக, "அவர் சொல்றதும் நியாயம்தானே?" என்றார். அவரை அப்படியே கடித்துக் குதறலாம் போலிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வண்டிப் பேச்சு வண்டியைப் பற்றிய பேச்சாக இல்லை. பெரிசு என்றால் டீச்சர் இருப்பாள். சிறிசு என்றால் போய்விடுவாள்.

ஷோரூமில் நான் பெரிசின் மூன்றாவது வரிசைக்குள் நுழைந்து உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் முகவாயைத் தொட்டது. "அது சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

"எங்க வீட்டுல அதுக்குக் குறைச்சலே இல்ல" என்றேன்.

"ரெண்டுல எதுன்னாலும் திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இந்த வண்டி போயிட்டா அடுத்தது வர நாலு மாசம் ஆகும்."

அதற்குள் என் வீட்டுக்காரர் பின்பக்கமிருந்து வந்தார். "நாலு மீட்டர் அறுபது" என்றார், பரீட்சையில் பெயிலான பையன் மார்க் சொல்வதுபோல. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு உள்ள இடம் எவ்வளவு என்று இந்த இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நாலு மீட்டர் இருபது.

அந்த இடத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தூண். முன்னால் சக்கரம் தட்டி நிற்பதற்கு ஒரு சிமெண்ட் கட்டை, அதற்கு அப்பால் சுவர். கட்டைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடத்தில் நான் ஓட்டை வாளியும் பழைய துடைப்பமும் போட்டுவைத்திருந்தேன். பின்னால் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டிக்கான வழி. ஒரு விரற்கடை தாண்டினாலும் சங்கச் செயலாளர் கிரேனைக் கூப்பிட்டுவிடுவார். மாடி டாக்டரம்மாவின் காரையே தூக்கவைத்தவர். தெருவிலோ வண்டி நிறுத்தவே கூடாது என்று இரண்டு முனையிலும் பலகை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பக்கத்து இடத்துக்காரரிடம் போனேன். ஓய்வுபெற்ற ஆடிட்டர். அவர் இடம் எங்களுடையதைவிட நீளம். அதில் ஒரு கார் உறை போட்டுத் தூங்குகிறது. எப்போதாவது ஸ்டார்ட் செய்து, அது இருமுவதைக் கேட்டுவிட்டு, மறுபடி போர்த்திவிடுவார். இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இந்த வண்டிக்கு இடம் மாறினா ஒத்துக்காதேம்மா" என்றார். நான் கைகூப்பினேன். யாரிடமும் அவ்வளவு லேசில் வளையாதவள் நான். "சார், ரெண்டு பிள்ளைங்க விஷயம் சார்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்பவர்கள் இரண்டையும் செய்வதில்லை.

சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் சாக்பீஸை எடுத்தார். பழைய கார் மெக்கானிக்கிடம் போய்விட்டதால் எங்கள் இடம் காலியாகக் கிடந்தது. சிமெண்ட் கட்டையிலிருந்து ஆரம்பித்து, வெள்ளையில் பெரிசையும் நீலத்தில் சிறிசையும் முழு அளவில் வரைந்தார். நீலம் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே சமர்த்தாக நின்றது. வெள்ளை கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய வெளியே போனது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் அதே ஒரு முழம்.

"சரி, நாற்காலி கொண்டு வாங்க" என்றார்.

பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நீலக் கோட்டுக்குள் முன்னால் இரண்டு நாற்காலி, எங்களுக்கு. பின்னால் மூன்று. ஒட்டகம் உட்கார்ந்தான், வாலு உட்கார்ந்தாள், பட்டாணி ஏறி உட்கார்ந்து "பாம் பாம்" என்று ஹாரன் அடித்தான். டீச்சர் நான்காவது நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள்.

"இதை எங்க போடணும் சித்தப்பா?"

அவர் டேப்பை இழுத்தார். மூன்று நாற்காலிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். "ஒட்டகம், காலைச் சுருக்குடா" என்றார். மறுபடி அளந்தார். டேப்பைச் சுருட்டிவிட்டார். டீச்சர் கொஞ்ச நேரம் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியைக் கொண்டுபோய்த் தூணோரம் சாய்த்துவைத்தாள். "எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் நாற்காலியோடு நின்ற அந்த நிமிடத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான்கு தலைகளையும் வரிசையாகப் பார்த்தேன். எந்தத் தலை இல்லாவிட்டால் சரியாக இருக்கும் என்று பார்த்தேன். ஒரு நொடிதான். ஆனால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அக்கா பிடித்த மணிக்கட்டு எரிந்தது.

சமையலறையில் சண்டை வெடித்தது.

"சிறிசையே வாங்கிடலாம். அதுதான் நிக்குது" என்றார் அவர்.

"அப்போ அந்தப் பொண்ணை டிக்கில போட்டுக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"நான் கோட்டைப் பத்திதானே சொல்றேன்?"

"உங்க கோட்டுல கொள்ளி வைக்க! அவ என்ன அலமாரியா? இடம் இல்லேன்னா ஒரு தட்டைக் கழட்டிடறதுக்கு?"

அவர் அடுப்பு மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. "எனக்கு மட்டும் அவளை அனுப்ப ஆசையா? பத்து தடவை அளந்துட்டேன். நிக்கலம்மா. என்ன செய்யச் சொல்ற? நிக்கல" என்றார். அவர் அப்பா இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எங்கள் இருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பெரியப்பா நின்றார். வருவதாக யாருமே சொல்லவில்லை.

"பொண்ணுதானே நேத்து சாயங்காலம் போன் பண்ணா. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் அறையிலிருந்து வந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் அவள் சாமான். "சத்தம் போடாதீங்க சித்தி. பட்டாணி உள்ள கார்ட்டூன் பார்க்கறான். முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள நான் கிளம்பிடணும்" என்றாள். என் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தாள்.

கோடு போட்டு, எண் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

'1. பாலில் ஆடை இருந்தால் பட்டாணி குடிக்க மாட்டான். வடிகட்டிக் கொடுக்கவும்.

2. இடது பக்கம் படுத்தால் இருமுவான். திருப்பிப் போடவும்.

3. அம்மா எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றக் கூடாது. போட்டோவைக் காட்டவும்.

4. தூங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளவும். வலது கை.

5. என்னைக் கேட்டால் லீவுக்கு வருவேன் என்று சொல்லவும்.'

எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "போகாதடி கண்ணு. நான் ஏதாவது செய்யறேன். வேலைய விட்டுடறேன், நடந்து போறேன், என்ன வேணா செய்யறேன்."

"வண்டியில இடம் இல்ல சித்தி" என்றாள், புரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "சித்தப்பா பத்து தடவை அளந்துட்டார்."

சுவரோடு ஒட்டி நின்ற என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் படியில் இறங்கினாள். பெரியப்பா சங்கடத்தோடு பின்னால் போனார். நாங்களும் போனோம். தடுத்து நிறுத்தவும் தைரியமில்லை, மேலேயே நிற்கவும் முடியவில்லை.

விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தை அன்று யாரோ வீடு மாற்றும் லாரி அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் பெரியப்பா தன் வண்டியை எங்கள் காலி இடத்தில் நிறுத்தியிருந்தார். அவருடையதும் பெரிசுதான். ஷோரூமில் பார்த்த அதே வண்டி, நிறம் மட்டும் வேறு. ஏழு பேர் வண்டியில் அவர் ஒற்றை ஆளாக வந்திருந்தார்.

டீச்சர் கதவைத் திறந்து, நடு வரிசையைத் தாண்டி உள்ளே ஊர்ந்துபோய், கடைசி வரிசையின் மூலையில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா அங்க? முன்னாடி வாயேன், எல்லா சீட்டும் காலிதானே?" என்றார் பெரியப்பா.

"இதுவே போதும் பெரியப்பா."

இந்த ஏழு மாதத்தில் எங்கள் வீட்டில் அவள் கற்றுக்கொண்டது இதைத்தான். இருக்கிற இடத்திலேயே மிகச் சிறிய இடத்தைத் தேடி உட்காருவதற்கு.

பெரியப்பா ஏறப்போனவர், எதையாவது பேச வேண்டுமே என்றோ என்னவோ, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, உங்க வாளியை நசுக்கிட்டேன் போலிருக்கு. கட்டையைத் தாண்டி மூக்கு உள்ள போயிடுச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

முன்பக்கம் போனார். முன்சக்கரம் சிமெண்ட் கட்டையைத் தொட்டபடி நின்றது. வண்டியின் மூக்கு கட்டைக்கு மேலேயே நீண்டு, சுவர்வரை போயிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் என் ஓட்டை வாளி சப்பளிந்து கிடந்தது. அவர் ஓடினார். காலில் பிளேட் வைத்தபிறகு அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். பின்பக்கம் போய்த் தரையில் மண்டியிட்டார். நானும் குனிந்தேன். வண்டியின் வால் மஞ்சள் கோட்டுக்கு நாலு விரல் உள்ளே நின்றது. அவர் வரைந்த வெள்ளைக் கோடு பின்னால் ஒரு முழம் தள்ளித் தனியாகக் கிடந்தது.

அலமாரி கால் ஊன்றுகிற இடத்தில்தான் தொடங்கும். மனிதர் இருபது வருடமாக அப்படித்தான் கோடு போட்டிருக்கிறார். வண்டியையும் சக்கரம் தட்டும் கட்டையிலிருந்தே தொடங்கிவிட்டார். எங்கள் பழைய கார் தாழ்ந்தது, அதன் முகவாய் கட்டையில் இடிக்கும் என்று எப்போதும் ஓர் அடி முன்னாலேயே நிறுத்திவிடுவார். உயரமான வண்டிக்குக் கட்டைக்கு மேலே ஒரு மூக்கு நீளும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்து தடவை அளந்தவர் பத்து தடவையும் அலமாரியைத்தான் அளந்திருக்கிறார்.

"நிக்குது" என்றார். சத்தம் வரவில்லை. பிறகு அந்தக் கீழ்த்தளமே அதிர, "நிக்குதுடி! உள்ள நிக்குது!" என்று கத்தினார்.

பின்கதவை விரியத் திறந்தார். டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இறங்கும்மா."

அவள் அசையவில்லை. அவரையும் தரையையும் பார்த்தாள். "அளந்தீங்களா சித்தப்பா?"

அவர் கை தன்னால் இடுப்புக்குப் போனது. டேப்பைத் தொட்டது. அப்படியே நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"இல்ல."

"அளக்காம எப்படிச் சொல்றீங்க?"

"இனிமே அளக்க மாட்டேன். நிக்கலேன்னாலும் நீ இங்கதான். தெருவுல நிறுத்தறேன், கிரேன் வந்து தூக்கிட்டுப் போகட்டும். என் காலு உடைஞ்சாலும் பட்டறைக்கு நடந்தே போறேன். நேத்தே இதைச் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல. நீ இறங்கும்மா." அவர் அழுதுகொண்டே பேசினார்.

பெரியப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ கேட்டான்னுதான் வந்தேன். பிடுங்கிட்டுப் போக வரல" என்றார். நடு சீட்டின் பிடியை இழுத்து, அவள் வெளியே வர வழிசெய்து மடித்துவைத்தார்.

டீச்சர் அப்போதும் இறங்கவில்லை. "நேத்து நாற்காலி போட இடம் இல்லையே சித்தி?" என்று என்னிடம் கேட்டாள்.

"நேத்து நாங்க தப்பாப் போட்டுட்டோம்."

"கோட்டையா?"

"எல்லாத்தையும்" என்றேன்.

அவள் யோசித்தாள். ஆடிட்டர் யோசிப்பதாகச் சொன்ன யோசனை இல்லை, நிஜமான யோசனை. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்தாள். நாங்கள் அதில் தேறியிருப்போம் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குள் மாடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது. கார்ட்டூன் முடிந்திருந்தது. "அக்கா! அக்கா எங்க?" என்று பட்டாணி அலறும் சத்தமும், அவனைத் துரத்திக்கொண்டு ஒட்டகமும் வாலுவும் தடதடவென்று இறங்கும் சத்தமும் கேட்டன. டீச்சர் பையை உதறிவிட்டு, மடித்த சீட்டின் மேல் தவழ்ந்து, வெளியே குதித்தாள். எங்கள் பேச்சுக்காக அவள் இறங்கவில்லை. அவன் குரலுக்காக இறங்கினாள்.

பட்டாணி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூக்கை அவள் சட்டையில் துடைத்தான். "எங்க போன? எங்க போன?" என்று முதுகில் அடித்தான். அவள் அவன் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கேயும் போகலடா, பெரியப்பா வண்டியைப் பார்த்தேன்" என்றாள். என் வீட்டுக்காரர் தரையில் மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வண்டிக்குள் கிடந்த அவள் பையை எடுத்து வந்து கொடுத்தேன்.

அவள் இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். "அந்தப் பேப்பரைக் குடுங்க சித்தி."

கிழித்துப்போடப் போகிறாள் என்று நினைத்து, கசங்கியிருந்ததை அவசர அவசரமாக நீவிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்தாள். பையின் உள்ளறையில் வைத்து, ஜிப்பை மூடினாள்.